தமிழ்நாட்டில் செவிலியர் பணி

தமிழ்நாட்டில் செவிலியர் பணி என்பது, மாநிலத்தின் அரசு, தனியார், தொண்டு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் ஊர்ப்புறத் துணை சுகாதார நிலையங்களிலும் பதிவுபெற்ற செவிலியர்கள் ஆற்றும் நோயாளர் பராமரிப்பு, பேறுகாலப் பணி, நோய்த்தடுப்புப் பணி ஆகியவற்றைக் குறிக்கும். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் சென்னையில் மருத்துவச்சிகளுக்கான பயிற்சியாகத் தொடங்கிய இத்தொழில், 1980களுக்குப் பின்னர் பெரும் மாற்றங்களைக் கண்டுள்ளது. மருத்துவர் சொல்வதைச் செய்பவர் என்ற நிலையிலிருந்து, நோயாளியின் அவசர நிலையைத் தரம் பிரிப்பவர், வீடு தேடிச் சென்று பராமரிப்பவர், தரவுகளைத் தொகுப்பவர் எனச் செவிலியரின் வேலை விரிந்துள்ளது. வேலை விரிந்த வேகத்தில் அதற்குரிய சட்ட அதிகாரமும் பணிப் பாதுகாப்பும் விரியவில்லை என்பது இத்துறையில் நெடுங்காலமாக நிலவும் சிக்கலாகும்.

பெயர்

செவிலி என்ற சொல் சங்க இலக்கியத்தில் தலைவியை வளர்க்கும் வளர்ப்புத் தாயைக் குறிக்கும். அகப்பாடல்களில் தோழி இச்செவிலியின் மகளாவாள். இப்பழஞ்சொல்லே 20ஆம் நூற்றாண்டில் நர்ஸ் என்பதற்கு இணையாகத் தமிழ்நாட்டில் நிலைபெற்றது. இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் ஆகிய நாடுகளில் தாதி, தாதியர் என்னும் சொற்களே வழக்கில் உள்ளன. பேச்சு வழக்கில் தமிழ்நாட்டு நோயாளிகள் பெரும்பாலும் 'சிஸ்டர்' என்றே அழைக்கின்றனர். பிரித்தானிய மருத்துவமனைகளில் இது ஒரு பதவிப் பெயர். கிறித்தவ அருட்சகோதரிகளின் தொண்டும் இவ்வழைப்பு வேரூன்றக் காரணம் எனலாம். ஆண் செவிலியர்களை எவ்வாறு அழைப்பது என்பதில் நோயாளிகளுக்கு இன்றும் தயக்கம் உண்டு. 'செவிலியர்' என்னும் சொல் இருபாலரையும் குறிப்பதால் எழுத்து வழக்கில் இச்சிக்கல் எழுவதில்லை.

தொடக்க வரலாறு

சென்னையில் 1844இல் நிறுவப்பட்ட மகப்பேறு மருத்துவமனை (இன்றைய எழும்பூர் அரசு தாய்சேய் நல மருத்துவமனை) சார்ந்து 1854இல் மருத்துவச்சிகளுக்கான பயிற்சிப் பள்ளிக்கு அரசு ஒப்புதல் அளித்தது. 1871இல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் செவிலியர் பயிற்சி தொடங்கியது. முதலில் சேர்ந்தவர்கள் நால்வர் மட்டுமே. பிறர் உடலைத் தொட்டுக் கழுவுவதும் கழிவை அகற்றுவதும் இழிவான வேலை என்ற எண்ணம் வலுவாக இருந்தமையால், பல பத்தாண்டுகள் கிறித்தவக் குடும்பத்துப் பெண்களும் ஆங்கிலோ இந்தியப் பெண்களும் கைம்பெண்களுமே இப்பணிக்கு மிகுதியாக வந்தனர்.

வேலூரில் ஐடா ஸ்கடர் நிறுவிய மருத்துவமனையில் 1909இல் செவிலியர் பள்ளி தொடங்கப்பட்டது. 1946இல் அது பட்டப்படிப்பு அளிக்கும் கல்லூரியாக உயர்ந்தது. அதே ஆண்டில் தில்லியிலும் இத்தகைய கல்லூரி ஒன்று தொடங்கியது. இந்தியாவில் செவிலியம் ஒரு பல்கலைக்கழகப் பாடமானது இவ்விரண்டின் வழியாகவே. இதற்கிடையில் 1926ஆம் ஆண்டின் சென்னை செவிலியர் மற்றும் மருத்துவச்சிகள் சட்டம், பதிவு பெற்றவர் யார், பெறாதவர் யார் என்பதை வரையறுத்தது. இன்றைய தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமம் அச்சட்டத்தின் வழி வந்ததாகும். நாடு தழுவிய பாடத்திட்டத்தை வகுக்க 1947இல் இந்திய செவிலியர் குழுமச் சட்டம் இயற்றப்பட்டது.

கிராம சுகாதாரச் செவிலியர்

தமிழ்நாட்டில் செவிலியர் பணி எவ்வளவு மாறியுள்ளது என்பதைப் பெரிய மருத்துவமனைகளைக் காட்டிலும் துணை சுகாதார நிலையங்களில் தெளிவாகக் காணலாம். சமவெளியில் ஏறத்தாழ 5,000 பேருக்கும் மலைப்பகுதியில் 3,000 பேருக்கும் ஒரு துணை நிலையம் என்பது நெறிமுறை. அங்குப் பணியாற்றுபவர் கிராம சுகாதாரச் செவிலியர் ஆவார். 1980களிலும் 1990களிலும் இவருடைய முதன்மை வேலை பேறு பார்த்தல். கத்தரிக்கோல், நூல், கையுறை முதலியன அடங்கிய பெட்டியுடன் நள்ளிரவிலும் வீடு தேடிச் சென்று பேறு பார்த்த தலைமுறை அது.

பின்னர், பேறுகள் மருத்துவமனைக்கு நகர்ந்தன. 1987இல் 300 ரூபாயுடன் தொடங்கிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி 2006இல் 6,000 ரூபாயாகவும், 2011இல் 12,000 ரூபாயாகவும், 2018இல் 18,000 ரூபாயாகவும் உயர்ந்தது. ஆரம்ப சுகாதார நிலையங்களில் மூன்று செவிலியர்களைச் சுழற்சி முறையில் அமர்த்தி 24 மணி நேரமும் பேறு பார்க்கும் ஏற்பாடு 2000களில் விரிவுபடுத்தப்பட்டது. ஐந்தாம் தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி (2019-21) மாநிலத்தில் 99.6 விழுக்காட்டுப் பேறுகள் மருத்துவ நிலையங்களில் நடைபெற்றன. ஒரு இலட்சம் உயிர்ப்பிறப்புகளுக்கு 2001-03இல் 134 ஆக இருந்த தாய்மார் இறப்பு 2018-20இல் 54 ஆகக் குறைந்தது. இச்சாதனையில் இரவுப் பணியில் இருந்த ஒப்பந்தச் செவிலியர்களின் பங்கு பெரிது. பாராட்டுரைகளில் அது போதிய அளவு இடம்பெறுவதில்லை.

பேறு பார்க்கும் வேலை கைவிட்டுப் போன கிராம சுகாதாரச் செவிலியருக்குப் பதிவு வேலை வந்து சேர்ந்தது. கருவுற்ற ஒவ்வொருவரையும் பிக்மி எனப்படும் இணையவழிப் பதிவு முறையில் சேர்த்து, பரிசோதனைகள், தடுப்பூசிகள், எதிர்பார்க்கப்படும் பேறு நாள் ஆகியவற்றை உள்ளிட வேண்டும். 2017 முதல் இப்பதிவு எண் பிறப்புச் சான்றிதழ் பெறுவதற்கும் தேவையாயிற்று. ஆகவே பதிவில் ஏற்படும் சிறு பிழையும் ஒரு குடும்பத்தைப் பல நாள் அலைய வைக்கக்கூடும். ஒரே செய்தியைக் காகிதப் பதிவேட்டிலும் கணினியிலும் இருமுறை எழுத வேண்டியிருப்பதைச் செவிலியர் சங்கங்கள் குறையாகக் கூறி வந்துள்ளன. மென்பொருள் வடிவமைப்பில் பழக்கமுள்ள எவருக்கும் இக்குறை புரியும்: தரவை உள்ளிடுபவரின் நேரத்துக்கு விலையில்லை எனக் கருதி உருவாக்கப்படும் அமைப்புகளில் நிகழ்வதே இங்கும் நிகழ்ந்துள்ளது.

எனினும் அப்பட்டியலின் பயன் சிறிதன்று. 2004 ஆழிப்பேரலை, 2011 தானே புயல், 2015 வெள்ளம் எனத் தொடர்ந்து தாக்குண்ட கடலூர் மாவட்டம் போன்ற பகுதிகளில், புயல் எச்சரிக்கை வந்தவுடன் பேறு நாள் நெருங்கியவர்கள் யார், எந்தத் தெருவில் உள்ளனர் என்பதை அறிந்து முன்கூட்டியே மருத்துவமனைக்கு நகர்த்துவதற்கு இப்பட்டியலே அடிப்படை. சாலை துண்டிக்கப்பட்ட பின் ஊர்தியை அனுப்புவதைவிட இரண்டு நாள் முன்னதாக ஒரு தொலைபேசி அழைப்பு மேல் என்பது பட்டறிவில் பெற்ற பாடம்.

தடுப்பூசிப் பணியிலும் ஒரு திருப்பம் குறிப்பிடத்தக்கது. 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மைத் தடுப்பூசி போடப்பட்ட நான்கு குழந்தைகள் இறந்தனர். அதைத் தொடர்ந்து, ஊர்களுக்குச் சென்று செவிலியர்கள் தடுப்பூசி போடும் முறையை மாநில அரசு நிறுத்தி, மருத்துவர் இருக்கும் நிலையங்களில் மட்டுமே போட வேண்டும் என ஆணையிட்டது. தொலைவிலுள்ள ஊர்களின் தாய்மார் வர இயலாமையால் தடுப்பூசி பெறுவோர் குறைந்தனர். பின்னர் ஊர்ப்புற முகாம்கள் மீண்டும் நடைமுறைக்கு வந்தன. ஒரு துயர நிகழ்வுக்குப் பின் செவிலியரின் பணியெல்லை சுருங்கியதற்கும், அதன் விலையை வேறு குழந்தைகள் ஏற்க நேர்ந்ததற்கும் இது எடுத்துக்காட்டாகும்.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் வீட்டு வாசலுக்குச் செவிலியத்தை மீண்டும் கொண்டு வந்தது. ஆனால் இம்முறை பேறுக்காக அன்று. நீரிழிவு, உயர் குருதியழுத்தம் உடையோருக்கு மாத்திரை வழங்குவது மகளிர் சுகாதாரத் தன்னார்வலரின் வேலை. படுக்கையில் கிடக்கும் முதியோர், புற்றுநோயாளர், பக்கவாதமுற்றோர் ஆகியோருக்குப் படுக்கைப்புண் கழுவுதல், சிறுநீர்க்குழாய் மாற்றுதல், வலி தணித்தல் ஆகியவை வலிதணிப்புச் செவிலியரின் வேலை. பிள்ளைகள் வெளியூர் சென்றுவிட்ட வீடுகளில் முதியோரின் புண்ணை முதலில் பார்ப்பவர் பெரும்பாலும் இவரே.

மகப்பேறுச் செவிலியம்

மருத்துவமனைப் பேறு ஏறத்தாழ முழுமை அடைந்தபின் வேறொரு சிக்கல் எழுந்தது. முன்னர்க் குறிப்பிட்ட ஐந்தாம் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 44.9 விழுக்காட்டுப் பேறுகள் அறுவை முறையில் நடந்தன. நான்காம் கணக்கெடுப்பில் (2015-16) இது 34.1 விழுக்காடு. அறுவைப் பேறு பெருகப் பெருக, இயல்பான பேற்றைப் பொறுமையுடன் கண்காணித்து நடத்தும் திறன் செவிலியரிடையே குன்றுகிறது. இளம் செவிலியர் பலருக்குப் பேறு அறை என்பது அறுவை அரங்குக்கு அனுப்பும் முன் காத்திருக்கும் இடமாகவே அறிமுகமாகிறது.

இதற்கு மாற்றாக, நடுவண் அரசு 2018 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் மகப்பேறுச் செவிலியருக்கெனத் தனிப்பிரிவை உருவாக்க முனைந்தன. பதிவுபெற்ற செவிலியருக்கு 18 மாதச் சிறப்புப் பயிற்சி அளித்து, சிக்கலற்ற பேறுகளை அவர்களே பொறுப்பேற்று நடத்தச் செய்வது இதன் நோக்கம். விரும்பிய நிலையில் பேறு பார்த்தல், உறவுப் பெண் ஒருவரை உடன் இருக்க விடுதல், தேவையின்றிப் பிறப்புவழியை வெட்டாமை போன்றவை இதில் வலியுறுத்தப்படுகின்றன. இவற்றுள் பல, பழைய மருத்துவச்சிகள் அறிந்தவையே. அவர்கள் அறியாதது தொற்றுத் தடுப்பும், ஆபத்தை முன்னுணர்ந்து மேல்மருத்துவமனைக்கு அனுப்பும் நெறியுமாகும்.

மருத்துவமனை நடைமுறைகள்

இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று 1986இல் முதன்முதலாகச் சென்னையில் கண்டறியப்பட்டது. அதன்பின் செவிலியரின் அன்றாடப் பழக்கங்கள் படிப்படியாக மாறின. கண்ணாடி ஊசிக்குழலைக் கொதிநீரில் இட்டு மீண்டும் பயன்படுத்துவது மறைந்தது. ஒருமுறை பயன்படுத்தும் ஊசிக்குழல், கையுறை, ஊசி வெட்டும் கருவி ஆகியன வந்தன. எந்த நோயாளியின் குருதியையும் தொற்றுள்ளதாகவே கருத வேண்டும் என்ற பொதுப் பாதுகாப்பு நெறி பாடமாயிற்று. மருத்துவக் கழிவுகளுக்கான 1998ஆம் ஆண்டு விதிகளும் அவற்றுக்கு மாற்றாக வந்த 2016 விதிகளும் மஞ்சள், சிவப்பு, வெள்ளை, நீலம் என நிறப்பிரிவுகளை வகுத்தன. எதை எதில் இடுவது என்பதைக் கண்காணிக்கும் பொறுப்பும் பெரும்பாலும் வார்டுச் செவிலியரையே சேர்ந்தது.

2008 செப்டம்பரில் 108 அவசர ஊர்திச் சேவை தொடங்கியபின், விபத்தில் சிக்கியோர் விரைவாக மருத்துவமனையை அடையலாயினர். வந்தவுடன் யாரை முதலில் பார்ப்பது என்ற வினா எழுந்தது. 2010களின் பிற்பகுதியில் தொடங்கிய தமிழ்நாடு விபத்து மற்றும் அவசர சிகிச்சைத் திட்டத்தின்கீழ், வாயிலிலேயே நாடித்துடிப்பு, மூச்சு, நினைவுநிலை ஆகியவற்றைப் பார்த்துச் சிவப்பு, மஞ்சள், பச்சை என நோயாளரைப் பிரிக்கும் முறை அரசு மருத்துவமனைகளில் பரவியது. இத்தரப்பிரிப்பில் செவிலியருக்கு முதன்மையான இடமுண்டு. வந்த வரிசைப்படி பார்ப்பதே நியாயம் எனக் கருதும் உறவினர்களுக்கு இதை விளக்கும் வேலையும் அவரிடமே வந்து சேர்கிறது.

'கேஸ் ஷீட்' எனப்படும் நோயாளர் பதிவேடு பெரிய தனியார் மருத்துவமனைகளில் கணினிக்கு மாறியுள்ளது. நோயாளியின் கைப்பட்டையிலுள்ள பட்டைக்குறியீட்டைப் படித்த பின்னரே மருந்து கொடுக்கும் முறையும் சில இடங்களில் உள்ளது. செவிலியக் குறிப்புகள் எங்கும் ஆங்கிலத்தில் எழுதப்படுகின்றன. நோயாளி பேசுவதோ தமிழ். 'நெஞ்சு படபடக்குது', 'நெஞ்சைக் கரிக்குது', 'நெஞ்சை அடைக்குது' ஆகிய மூன்றும் வெவ்வேறு நோய்க்குறிகள். மூன்றும் ஒரே ஆங்கிலச் சொல்லாகச் சுருங்கிப் பதிவாகும் இடர் உண்டு.

2020 மார்ச் 7 அன்று மாநிலத்தின் முதல் கோவிட்-19 நோயாளி உறுதி செய்யப்பட்டார். முழு உடல் கவச உடையில் பல மணி நேரம் நீரருந்தவும் இயலாமல் பணியாற்றியதும், உறவினர் நுழைய முடியாத வார்டுகளில் இறக்கும் தறுவாயில் இருந்தோருடன் செவிலியர் மட்டுமே இருந்ததும் அக்காலத்தின் நிலை. உயிர்வளியளவைக் கண்காணித்தல், குப்புறப் படுக்க வைத்தல், வென்டிலேட்டர் பராமரிப்பு ஆகிய தீவிர சிகிச்சைத் திறன்கள் பொது வார்டுச் செவிலியருக்கும் தேவையாயின.

நெய்வேலி வட்டாரமும் தொழிலகச் செவிலியமும்

1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 500 பேருக்கு மேல் பணிபுரியும் ஆலைகளில் மருத்துவ, செவிலியப் பணியாளர் பொறுப்பில் முதலுதவி அறை அமைக்கப்பட வேண்டும் என்றது. பெருந்தொழில் நகரங்களில் செவிலியர் நிலைபெற இதுவும் ஒரு காரணம். 1956இல் நிறுவப்பட்ட நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் நகரியத்தில் தனக்கெனப் பொது மருத்துவமனையை நடத்துகிறது. சுரங்கமும் அனல்மின் நிலையமும் உள்ள ஊரில் தீக்காயம், நசுங்கல் காயம், தூசியால் வரும் மூச்சுத் தொல்லை, சுழற்சிப் பணியால் கெடும் தூக்கம் ஆகியவை செவிலியரின் கவனத்துக்கு உரியவை. 2020 மே, சூலை மாதங்களில் இரண்டாம் அனல்மின் நிலையத்தில் நேர்ந்த கொதிகலன் விபத்துகள் தீக்காயப் பராமரிப்பின் தேவையைக் கடுமையாக உணர்த்தின.

அருகிலுள்ள வடலூர், குறிஞ்சிப்பாடி வட்டார மக்கள் உயர் சிகிச்சைக்குக் கடலூர் அரசு தலைமை மருத்துவமனை, சிதம்பரம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, புதுச்சேரி ஜிப்மர் ஆகியவற்றையே நாடுகின்றனர். இத்தகைய இடங்களில் எந்த நோயாளியை எங்கு, எந்த நிலையில் அனுப்புவது என்ற முடிவே உயிரைக் காக்கும் முதற்படி. வடலூர் சத்திய ஞான சபையில் தைப்பூச நாளில் கூடும் பெருங்கூட்டத்துக்கான மருத்துவ முகாம்களும் இவ்வட்டாரச் செவிலியரின் ஆண்டுப் பணிகளுள் ஒன்று. சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் சார்ந்து தொடங்கப்பட்ட இராணி மெய்யம்மை செவிலியர் கல்லூரி இப்பகுதி மாணவர்களுக்கு அண்மையில் உள்ள பட்டப்படிப்பு நிறுவனமாகும்.

கல்வி

துணைச் செவிலியர் படிப்பு (இரண்டு ஆண்டு), பட்டயப் படிப்பு (மூன்று ஆண்டு), இளநிலைப் பட்டம் (நான்கு ஆண்டு) என மூன்று வழிகள் உள்ளன. பட்டப்படிப்புக் கல்லூரிகள் பெரும்பாலும் தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்துடன் இணைந்தவை. 2021இல் வெளியான திருத்திய பாடத்திட்டம் ஆண்டு முறையைக் கைவிட்டுப் பருவ முறையைக் கொண்டு வந்ததுடன், நோயாளியைத் தொடும் முன் மாதிரி உடல்களில் பழகும் பயிற்சிக்கும் இடமளித்தது. தீவிர சிகிச்சைக்கெனச் 'செவிலிய வல்லுநர்' என்னும் ஈராண்டு முதுநிலைப் படிப்பை இந்திய செவிலியர் குழுமம் 2016-17இல் அறிமுகப்படுத்தியது.

முடிவெடுக்கும் அதிகாரம்

தானாக மருந்து பரிந்துரைக்க இந்தியச் செவிலியருக்குப் பொதுவான சட்ட உரிமை இல்லை. ஆனால் நடைமுறை வேறு. 2000களின் நடுப்பகுதியிலிருந்து நடுவண் அரசின் வழிகாட்டுதல்கள், பேற்றுக்குப் பின் குருதிப்போக்கைத் தடுக்கும் மருந்தையும், வலிப்பு கண்டவருக்கு மக்னீசியம் சல்பேட்டின் முதல் ஊசியையும் துணைச் செவிலியரே கொடுக்கலாம் என்கின்றன. மருத்துவர் வரும்வரை காத்திருந்தால் தாய் இறக்கக்கூடும் என்பதே காரணம். ஆயினும் வழிகாட்டுதல் என்பது சட்டமன்று. சிக்கல் நேர்ந்தால் பதில் சொல்ல வேண்டியவர் ஊசி போட்டவரே.

2019ஆம் ஆண்டின் தேசிய மருத்துவ ஆணையச் சட்டம், 32ஆம் பிரிவின்கீழ், சமூக சுகாதார வழங்குநருக்கு வரையறுக்கப்பட்ட அளவில் மருத்துவம் செய்ய உரிமம் அளிக்க இடம் தந்தது. இந்திய மருத்துவச் சங்கம் இதை வன்மையாக எதிர்த்தது. 1947ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக 2023இல் தேசிய செவிலியம் மற்றும் மகப்பேறுச் செவிலிய ஆணையச் சட்டம் இயற்றப்பட்டது. செவிலியரின் பணியெல்லையை இப்புதிய ஏற்பாடு எவ்வாறு வரையறுக்கிறது என்பதைப் பொறுத்தே மேற்கூறிய இடைவெளி குறையவோ நீளவோ செய்யும்.

பணிநிலையும் ஊதியமும்

போதனா மருத்துவமனைகளில் மூன்று நோயாளருக்கு ஒரு செவிலியர், பிற பொது மருத்துவமனைகளில் ஐவருக்கு ஒருவர் என்பது இந்திய செவிலியர் குழுமத்தின் நெறி. இரவு நேரத்தில் ஒரு வார்டைச் சுற்றி வரும் எவரும் நெறிக்கும் நிலைமைக்கும் உள்ள தொலைவைக் காணலாம்.

2012இல் அமைக்கப்பட்ட மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம், 2015இல் தேர்வு நடத்தி 7,000க்கும் மேற்பட்ட செவிலியர்களைத் தொகுப்பூதியத்தில் அமர்த்தியது. மாத ஊதியம் 7,700 ரூபாய். ஈராண்டுக்குப் பின் காலமுறை ஊதியம் என்பது எதிர்பார்ப்பு. அது நிறைவேறாத நிலையில் 2017 நவம்பர் இறுதியில் சென்னை தேனாம்பேட்டையிலுள்ள மருத்துவப் பணிகள் இயக்குநரக வளாகத்தில் செவிலியர்கள் ஒன்றுகூடிப் போராடினர். உயர்நீதிமன்றம் தலையிட்டபின் போராட்டம் முடிவுற்றது. தொகுப்பூதியம் பின்னர் உயர்த்தப்பட்டது. பணி நிரந்தரம் மட்டும் இடங்கள் காலியாகுந்தோறும் சிறு சிறு தொகுதிகளாகவே நடந்தது.

கோவிட் காலத்தில் தற்காலிகமாக எடுக்கப்பட்டவர்களில் ஏறத்தாழ 2,400 பேரின் பணி 2022 டிசம்பர் 31 உடன் முடிவுக்குக் கொண்டுவரப்பட்டது. ஈராண்டுக்கு முன் கைதட்டி வாழ்த்தப்பட்டவர்கள் 2023 சனவரியில் வேலை கேட்டுச் சாலையில் அமர்ந்தனர். 2021இல் தேசிய நலவாழ்வுக் குழுமத்தின்வழி அறிவிக்கப்பட்ட 4,800க்கும் மேற்பட்ட இடைநிலை சுகாதாரப் பணியாளர் இடங்களும் ஒப்பந்த இடங்களே.

தனியார் மருத்துவமனைகளைப் பொறுத்தவரை, 2016 சனவரியில் உச்சநீதிமன்றம் இட்ட ஆணையின்படி நடுவண் அரசு அமைத்த குழு, 200க்கு மேல் படுக்கைகள் உள்ள மருத்துவமனைகளில் அரசுச் செவிலியருக்கு நிகரான ஊதியமும், 50க்குக் குறைந்த படுக்கை உள்ளவற்றில் குறைந்தது 20,000 ரூபாயும் வழங்கப் பரிந்துரைத்தது. இதைச் செயற்படுத்தும் பொறுப்பு மாநிலங்களிடம் விடப்பட்டது. கல்விக்கடன் பெற்றுப் படித்த மாணவியர் பலருக்கு முதல் வேலையின் ஊதியம் கடன் தவணைக்கே போதாத நிலை உண்டு.

வெளிநாட்டுப் பணி

வளைகுடா நாடுகள், ஐக்கிய இராச்சியம், அயர்லாந்து ஆகியவற்றுக்குத் தமிழ்நாட்டுச் செவிலியர் தொடர்ந்து சென்று வருகின்றனர். ஜெர்மனிக்குச் செல்ல விரும்புவோர் ஜெர்மன் மொழி கற்பது அண்மைக்காலப் போக்கு. அரசு நிறுவனமான அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் செயல்பட்டு வருகிறது. முகவர்களிடம் பெருந்தொகை கட்டி ஏமாறுவோர் இருப்பதால், அரசு வழியாகவோ பதிவுபெற்ற முகவர் வழியாகவோ செல்வது பாதுகாப்பானது. உலக சுகாதார நிறுவனத்தின் 2025ஆம் ஆண்டு அறிக்கையின்படி உலகில் 2.98 கோடிச் செவிலியர் உள்ளனர். மேலும் 58 இலட்சம் பேர் தேவைப்படுகின்றனர். வெளிநாடு செல்வோர் பெரும்பாலும் சில ஆண்டு பட்டறிவு பெற்ற தீவிர சிகிச்சை, அறுவை அரங்குச் செவிலியர்களே. அவர்கள் விட்டுச் செல்லும் இடங்களில் புதிதாகப் படிப்பை முடித்தவர்கள் அமர்கின்றனர்; அவர்களுக்கு அருகிலிருந்து கற்பிக்க மூத்தவர் எவரும் அந்தப் பணிவேளையில் இல்லாமல் போவதுண்டு.